பானையின் உட்புறம்

சாணார்பட்டியில் நத்தம் ரோட்டோரம் வாங்கிய தண்ணீர்ப் பானையைக் கழுவ உள்ளே கை விட்டபோதுதான் அது தட்டுப்பட்டது. வெளியே வழவழவென்று இருக்கிற பானைக்கு உள்ளே, அடிப்பக்கம் முழுக்கப் பள்ளம் பள்ளமாக இருக்கிறது. அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனபோது விற்ற அம்மாவிடமே கேட்டேன்.

"அது கல்லு பட்ட தடம்ப்பா. வெளிய பலகை, உள்ள கல்லு. தட்டாம அடி எப்பிடி மூடும்?"

சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது நம் ஊர்ப் பானைக்கு அடியே கிடையாது. வாயும் கழுத்தும் தோளும்தான் சக்கரத்தில் வரும். கொஞ்சம் வாடவிட்டு, மடியில் வைத்து, ஒரு கையால் உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்துத் தாங்கி, மறுகையால் வெளியே பலகை கொண்டு தட்டத் தட்டத் தடித்த மண் இறங்கி, அகன்று, மூடிக்கொள்கிறது. கண்ணுக்கு எட்டாத இடத்தில் வேலை பார்க்கிற அந்த உள் கையையே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான், உள்ளிருந்தே வேலையை யோசித்த இன்னொருவரான ரே மீக்கர் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் கட்டடக்கலை படிக்கப் போய், பாதியில் மட்பாண்டத்துக்கு மாறியவர். 1971இல் டெபோரா ஸ்மித்தோடு சேர்ந்து புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார். டெபோரா ஜப்பானில் பிசென் மட்பாண்டத் தொழில் கற்றவர். சவுக்கு விறகு எரித்து 1300 டிகிரியை நெருங்கும் சூளை அவர்களுடையது.

மீக்கர் கட்டடக்கலையை விட்டாலும் வீடு அவரை விடவில்லை. ஈரானியக் கட்டடக்கலைஞர் நாதர் கலீலி காட்டிய வழியில், 1980களின் நடுவிலிருந்து பத்தாண்டுக்கும் மேலாக ஒரு காரியம் செய்து பார்த்தார். பச்சை மண் கல்லால் வளைகூரை வீடு எழுப்பி, உள்ளே பச்சைச் செங்கல்லும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கித் தீ மூட்டினார். நாள்கணக்கில் எரியும். ஆறியபின் உள்ளே வெந்ததை எடுத்து விற்றால் விறகுச் செலவுக்கு ஆகும், நிற்பது வீடு. அப்படி எழுந்த ஆரோவில் வீட்டுக்கு 'அக்னி ஜாதா' என்றே பெயர். 600 டிகிரி தாண்டினால் களிமண்ணோடு பிணைந்திருக்கும் நீர் போய்விடுகிறது. பிறகு எத்தனை மழை கொட்டினாலும் அது குழையாது. மனிதர்கள் குடியிருக்கும் ஒரு பானையை அவர் உள்ளிருந்து யோசித்திருக்கிறார்! எனக்கு அதில் தீராத வியப்பு.

சூளை என்று வந்துவிட்டால் புறநானூற்றின் 228ஆம் பாட்டுக்கு வந்தே ஆக வேண்டும். சோழ அரசன் கிள்ளிவளவன் இறந்துவிட்டான். புலவர் ஐயூர் முடவனார் அரசியிடம் பேசவில்லை, படையிடம் பேசவில்லை, குயவனிடம் பேசுகிறார். இருட்டே திரண்டு வந்ததுபோல் புகை விடும் சூளைக்குச் சொந்தக்காரனே, உன்னை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது, இவ்வளவு பெரியவனைப் புதைக்க ஏற்ற தாழி வேண்டுமென்றால் பூமி சக்கரமாகவும் மலை மண்ணாகவும் அல்லவா வேண்டும், உன்னால் ஆகுமா என்கிறார். அரசன் புகழைச் சொல்லும் பாட்டு என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். எனக்கு அதில் குயவன்மேல் வைத்த பரிவுதான் பெரிதாகத் தெரிகிறது. ஊரே அழுதுகொண்டிருக்கும்போது, நாளைக்கு யார் தலையில் எவ்வளவு வேலை விழப்போகிறது என்று ஒரு புலவர் பார்த்திருக்கிறார். தாழி பெரிதாகப் பெரிதாக ஈர மண் தன் பாரத்தைத் தானே தாங்காமல் உட்கார்ந்துவிடும். அதைத் தெரிந்தவர் கேட்கிற கேள்வி மாதிரியே இருக்கிறது.

சாணார்பட்டியில் நின்றால் எதிரே சிறுமலை. அன்றைக்கு அதைப் பார்த்தபோது எத்தனை வண்டி மண் தேறும் என்றுதான் தோன்றியது. மீக்கர் வீட்டைச் சக்கரத்தில் ஏற்றவில்லை, கல் கல்லாக அடுக்கித்தான் சுட்டார். ஆனாலும் முடவனாரின் குயவன் அவரைப் பார்த்திருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து விறகுக் கணக்கு கேட்டிருப்பான்.

அந்த அம்மா இன்னொரு பானையை எடுத்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். ணங்கென்றது. நான் உள்ளே கைவிட்டுத் தடவினேன். ஒரு பள்ளத்தில் என் பெருவிரல் அப்படியே பொருந்தியது.