தாராவியில் கேட்ட சிவகங்கைச் சீமை

தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் எங்கள் சால். கோலி என்னும் சின்ன ஒற்றை அறை, மூலையில் மோரி என்னும் கழுவுமிடம், தலைக்கு மேலே பரண். அக்கம்பக்கம் பெரும்பாலும் திருநெல்வேலிக்காரர்கள். விடியுமுன் இட்லி அவித்து, மாட்டுங்கா, சயான் பக்கம் விற்கக் கிளம்பிவிடுவார்கள். சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். ஊர்ப்பேச்சு பேச அப்பத்தாவுக்கு ஆளில்லை. அதனால் அவளிடம் இருந்ததெல்லாம் பேத்திகளுக்கே வந்து சேர்ந்தது.

இளவயதில் தாலியறுத்து, கைப்பிள்ளையோடு பம்பாய்க்கு வந்தவள். மாட்டுங்கா ஸ்டேஷன் ஓரத்துக் கடைகளுக்குப் பூக்கட்டிக் கொடுத்துத்தான் அப்பாவை வளர்த்தாள். நாலாம் வகுப்பில் எங்களுக்கு வரலாறு என்றால் சிவாஜி மகாராஜாதான். ஜீஜாபாய் மகனை வளர்த்த கதையை நான் உரக்கப் படித்தால், நாரை இழுத்து முடிச்சுப் போட்டபடியே சொல்வாள்: "நம்ம வேலு நாச்சியாரும் மகள அப்பிடித்தான் வளத்தாக, தாயி."

1730இல் ராமநாதபுரத்தில், செல்லமுத்து விஜயரகுநாத சேதுபதிக்கு ஒரே மகளாகப் பிறந்தவர் நாச்சியார். வாளும் சிலம்பமும் குதிரையும் அந்த மகளுக்கே கற்பிக்கப்பட்டன. 1746இல் சிவகங்கை முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டார். மகள் வெள்ளச்சி. 1772இல் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் காளையார்கோவிலைத் தாக்கியதில் மன்னர் மாண்டார்.

இதுவரைக்கும் அப்பத்தா மடமடவென்று சொல்லிவிடுவாள். அவள் நின்று, நிதானித்துச் சொல்வது அதற்குப் பிறகு வரும் எட்டு வருஷத்தை. திண்டுக்கல் பக்கம், விருப்பாட்சி கோபால நாயக்கரின் பாளையத்தில் மகளோடு அடைக்கலம் இருந்த காலம். "ஒண்ட வந்த எடத்துலயும் ராணியாவே இருந்தாக" என்பாள். ஹைதர் அலியிடம் நாச்சியார் உருதுவில் பேசினார் என்பதில் அவளுக்குத் தனிப் பெருமை. பக்கத்துக் கோலி பாய் வீட்டம்மாவிடம் அவளும் உருது பழகியிருந்தாள். ஹைதரின் உதவியோடும் மருது சகோதரர்களின் படையோடும் 1780இல் நாச்சியார் சிவகங்கையை மீட்ட இடம் வரும்போது அவள் குரல் உயர்ந்துவிடும். பூக்கட்டும் கை மட்டும் நிற்காது.

வெள்ளச்சிக்கு வேங்கன் பெரிய உடையாத்தேவரை மணமுடித்த கட்டத்தோடு கதை முடிந்துவிடும். மற்றதை நான் பிறகு படித்துத்தான் அறிந்தேன். 1796இல் நாச்சியார் காலமானார். 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைக் கம்பெனியார் தூக்கிலிட்டார்கள். மறு வருஷம் அந்த மருமகன் வேங்கனை, 70க்கும் மேற்பட்டவர்களோடு கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். எட்டு வருஷம் காத்திருந்து மீட்ட அரண்மனையின் மருமகன் கடைசியில் கடல் கடந்து போனார். அப்பத்தாவுக்கு இது தெரிந்திருக்குமா, தெரிந்தே எங்களிடம் மறைத்தாளா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

ஜான்சி ராணியை நாடே கொண்டாடுகிறது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அவருக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, கம்பெனியிடம் இழந்த சீமையை மீட்டு ஆண்ட ஒரு ராணியின் பெயர் மும்பையில் என்னோடு படித்த மராத்திப் பிள்ளைகள் யாருக்கும் தெரியாது. நாச்சியாருக்கு 2008இல் தபால்தலை வந்தபோது அப்பத்தா உயிரோடு இல்லை. போர்க்களத்து நாச்சியாரைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அடுத்தவர் சீமையில் மகளை ஆளாக்கிய தாயைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை என்பதே என் எண்ணம்.

தாராவியை இடித்துக் கட்டும் பேச்சு பலமாக நடக்கிறது. அங்கும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் உங்கள் வீட்டில் இப்படி ஓர் அப்பத்தாவோ ஆச்சியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து அவர்கள் சீமைக் கதையைக் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.