12 கூண்டு... 4 நாய்... 1 ரூம்!

ஒரு சின்னக் கணக்கு ஃப்ரெண்ட்ஸ். 10 அடிக்கு 12 அடி ரூம். பெரிய நாய்க்கான கூண்டு ஒண்ணு 4 அடி நீளம், இரண்டரை அடி அகலம். அந்த ரூம்ல எத்தனை கூண்டு வைக்கலாம்?

கால்குலேட்டரைத் தேடாதீங்க. 120 சதுர அடியை 10 ஆல வகுத்தா 12. இண்டு இடுக்கு இல்லாம, தீப்பெட்டிக்குள்ள குச்சி அடுக்கின மாதிரி கச்சிதமா 12 கூண்டு உட்காரும். மேத்ஸ் சார் ஃபுல் மார்க் போட்டுருவார்!

ஆனா பாருங்க... அந்த ரூமுக்குள்ள நீங்க காலை வைக்க முடியாது. ஒரு கூண்டோட கதவைக்கூடத் திறக்க முடியாது. மூலையில இருக்கிற நாய்க்குத் தண்ணி வைக்கணும்னா, மத்த கூண்டு மேல எல்லாம் ஏறிக் குதிச்சுத்தான் போகணும். நாலு கூண்டு வைக்கிறதுக்கே எங்க வீட்டுல நாக்கு தள்ளிப் போச்சு. அது எப்படின்னு சொல்றேன். நாய் வளர்க்கிறவங்க மட்டுமில்லை, 'ஒரு குட்டி வாங்கலாமா'ன்னு மனசுக்குள்ள ஆசை வச்சிருக்கிறவங்களும் கொஞ்சம் கேளுங்க.

அரண்மனையில ஒரு ரூம்!

காரைக்குடிப் பக்கம் வந்திருக்கீங்களா? வீதிக்கு வீதி அரண்மனை மாதிரி வீடுங்க நிக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூணாம் கட்டுன்னு முன் வாசல்ல நுழைஞ்சா அடுத்த தெருவுல வெளியே வரலாம். வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் வந்தா, "இவ்ளோ பெரிய வீடாடா உன்னோடது?"ன்னு வாயைப் பிளப்பாங்க. எங்களோடது ஒரே ஒரு ரூம்தான்னு சொன்னா நம்ப மாட்டாங்க.

நிஜம் அதுதான். நடுவுல திறந்த வளவு. அதைச் சுத்தி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறைன்னு அந்தக் காலத்துல ஒதுக்கினாங்க. தலைமுறை பெருகப் பெருகப் பங்கும் பெருகிடுச்சு. பங்காளிங்க சென்னை, மலேசியா, அமெரிக்கான்னு போயிட்டாங்க. அறைங்க பூட்டியே கிடக்கு. மத்த நாள்ல மொத்த வீடும் எங்க நாய்ங்களோட ராஜ்ஜியம்தான். ஆனா எல்லாரும் வந்து கூடுற நாள்ல எங்களுக்குன்னு உரிமையா இருக்கிறது, பின்கட்டை ஒட்டின அந்த 10க்கு 12 மட்டும்.

எங்க நாலு பேரை அறிமுகப்படுத்திடறேன். வெள்ளையன், முத்து ரெண்டும் ராஜபாளையம். 2005ல தபால் துறை இந்திய நாய் இனங்களுக்கு நாலு ஸ்டாம்ப் போட்டுச்சே, அதுல ஒண்ணு இந்த ஜாதி. சிட்டு, சிப்பிப்பாறை. எலும்பும் தோலுமா, காத்துல பறக்கிற மாதிரி ஓடுவா. செவலை, கோம்பை. தேனி மாவட்டத்துக் கோம்பைதான் அவங்க ஜாதிக்குப் பூர்வீகம். நாலையும் வளர்த்தது எங்க ஐயா. அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. நாய்ங்க மட்டும் அவர் உட்கார்ற தூணை விட்டு நகர்றதில்லை.

போன வருஷம் படைப்பு வந்துச்சு. முன்னோரை நினைச்சுப் பங்காளிங்க எல்லாம் ஒண்ணாக் கூடிப் படைக்கிற சாமி காரியம். மூணு நாள், வளவு நிறைய ஜனம். சென்னைப் பெரியப்பா போன்ல சொல்லிட்டார்: "ஏப்பா, புள்ளகுட்டியெல்லாம் வருது. அந்த நாலையும் எங்கிட்டாச்சும் குடுத்துருங்க. ஆளுக்கு ஒண்ணா வாங்கிக்கிட ஆளா இல்லை?"

அப்பத்தா ஒரே வரியில முடிச்சிட்டாங்க: "வாயில்லாச் சீவன். அதுக எங்க போகும்?"

கடைசியில ஒரு சமாதானம். மூணு நாளும் நாய்ங்க எங்க ரூமை விட்டு வளவுக்கு வரக்கூடாது. ஒரு புகார் வந்தாலும் நாலும் வீட்டை விட்டுப் போகணும். கையில இருந்தது ஒரு மாசம்!

டேப்பை நாய் மேல வை!

கூண்டு வாங்கணும்னா எல்லாரும் முதல்ல ரூமை அளப்பாங்க. நீங்க நாயை அளங்க. விமானத்துல நாயை அனுப்புறதுக்கு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான 'அயாட்டா' ஒரு கணக்கு வச்சிருக்கு. ரொம்ப சிம்பிள்.

மூக்கு நுனியிலேருந்து வால் தொடங்குற இடம் வரைக்கும் ஒரு அளவு. தரையிலேருந்து முன்னங்கால் முட்டி வரைக்கும் ஒரு அளவு. முதல் அளவோட ரெண்டாவதுல பாதியைக் கூட்டினா கூண்டோட நீளம். தோள் அகலம் மாதிரி ரெண்டு மடங்கு, கூண்டோட அகலம். நாய் தலை நிமிர்ந்து நிக்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி, எது உசரமோ அது வரைக்கும் அளந்து, அதோட படுக்கையோட கனத்தைச் சேர்த்தா உயரம்.

வெள்ளையனை அளந்தோம். நீளம் 40 அங்குலம், கால் முட்டி 16. ஆக 40 + 8 = 48 அங்குலம். தோள் 10, அகலம் 20 போதும். ஆனா இது குறைஞ்சபட்சக் கணக்கு. பக்கவாட்டுல சாஞ்சு காலை நீட்டிப் படுக்கணுமேன்னு 30 வச்சோம். தலை உசரம் 36. சாக்கு மெத்தையையும் சேர்த்து 38. கடையில விக்கிற பெரிய சைஸ் கூண்டைப் பார்த்தா உயரம் 32, 33 அங்குலம்தான். நம்ம ஊரு நாய்ங்க ஒல்லி, ஆனா நெட்டை. கடைக் கூண்டுல வெள்ளையன் மூணு நாளும் தலை குனிஞ்சே நிக்கணும்.

அதனால வெல்டிங் பட்டறைக்குப் போனோம். ஸ்கொயர் பைப், வெல்டு மெஷ். அண்ணன்கிட்ட மூணே மூணு விஷயம் கெஞ்சிக் கேட்டேன். உள்பக்கம் ஒரு பிசிறு இல்லாம தேய்ச்சிருக்கணும். பாதம் மாட்டாத அளவுக்கு வலைக் கண்ணு சின்னதா இருக்கணும். கதவு வெளியே திறக்காம, பக்கவாட்டுல தள்ளுற கதவா இருக்கணும். இரண்டடிக் கதவு வெளியே திறந்தா, அது ஒவ்வொண்ணும் ரூம்ல இரண்டடியை முழுங்கிடும் இல்லையா?

சீட்டிங் அரேஞ்ச்மென்ட்!

'ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிடலாமே'ன்னு யாராச்சும் சொல்வாங்க. எங்க வீட்டுலயும் சொன்னாங்க. 25, 30 கிலோ நாயை யாரு மேலே தூக்கிவிடுறது? மேல இருக்கிறது ஒண்ணுக்குப் போனா கீழ இருக்கிறது தலையில. சரிஞ்சா ரெண்டும் காலி. பெரிய நாய்க்கு மாடி வீடு வேண்டாம்!

எங்க ரூம்ல ஒரு குட்டிச் சுவர்ல வாசல், எதிர்ச் சுவர்ல ஜன்னல். ரெண்டு நீளச் சுவரையும் ஒட்டி, பக்கத்துக்கு ரெண்டு கூண்டு. சுவர்ல மீதி நாலடி பீரோவுக்கும் தண்ணிக் குடத்துக்கும். நடுவுல அஞ்சடி நடைபாதை. வாசலுக்கும் ஜன்னலுக்கும் நேரா காத்துப் போக வழி.

யார் எங்கேங்கிறதுதான் பெரிய அரசியல். ஆண் நாய் ரெண்டும் நாளெல்லாம் எதிரெதிரே முறைச்சுக்கிட்டா, வெளியே விடுற நிமிஷம் சண்டைதான். வெள்ளையனையும் செவலையையும் ஒரே சுவர்ல வச்சு நடுவுல பிளைவுட் பலகை நிறுத்தினோம். எதிர்ல ரெண்டு பொண்ணுங்க. வெள்ளையனுக்குக் காது கேக்காது. தும்பைப்பூ வெள்ளையா இருக்கிற நாய்ங்கள்ல இது அடிக்கடி வர்ற பிரச்னை. பின்னாலேருந்து திடீர்னு தொட்டா மிரண்டு திரும்புவான். அதனால யார் உள்ளே வந்தாலும் அவன் முதல்ல பார்க்கிற மாதிரி வாசல் பக்கம் அவன் இடம். சிட்டுவுக்கு உடம்புல சதையே இல்லை. வெறும் தரையில படுத்தா முட்டியில புண்ணு வரும். அவளுக்கு மட்டும் டபுள் மெத்தை. உள்ளே போனதும் நாலு பேருக்கும் கழுத்துப் பட்டையைக் கழட்டிடணும். கம்பியில மாட்டினா உயிருக்கே ஆபத்து.

அடுத்து சூடு. இது ரொம்ப முக்கியம். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்குப் பாதத்துல மட்டும் லேசா வேர்க்கும். மத்தபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும். அந்த மூச்சோட ஈரமும் வெளியே வருது. மூடின ரூம்ல ஈரம் சேரச் சேர அந்த வித்தையும் பலிக்காது. 25 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே ஒரு நாளைக்கு சுமார் 780 கலோரி எரிக்கும். இது ஒரு பழைய 40 வாட் டியூப் லைட்டை ராத்திரி பகலா எரிய விடுற சூடு. நாலு நாய்னா நாலு டியூப் லைட்! வெறும் ஃபேன் அந்தச் சூட்டையே சுத்திச் சுத்தி விடும். அதனால ஜன்னல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினோம்.

அளக்க மறந்த ஒண்ணு

எல்லாம் சரி. கூண்டு அடங்கிடுச்சு. நாய் அடங்குமா?

நம்ம சட்டம் இதை எப்பவோ யோசிச்சிருக்கு. மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. அதோட 11வது பிரிவு, அசைய இடமில்லாத கூண்டுல அடைக்கிறது குற்றம்னு சொல்லுது. அதோட நிறுத்தலை. எப்பவும் கட்டிப்போட்ட, அடைச்சு வச்ச நாயை நடமாட விடாம இருக்கிறதும் குற்றம்னு தனியா எழுதியிருக்கு. சட்டத்துல இருக்கிற அபராதம் முதல் தடவைக்கு 10 ரூபாயிலேருந்து 50 ரூபாய். சிரிப்பு வருதுல்ல? ஆனா விஷயம் சிரிப்பில்லை. சென்னை சைதாப்பேட்டையில அரசாங்கமே நாட்டு நாய் இனப்பெருக்க மையம் நடத்திச்சு. ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் அங்கே இருந்துச்சு. அங்கே நாய்ங்களை வச்சிருந்த நிலைமை பத்தி வழக்கு வந்து, 2016ல சென்னை உயர் நீதிமன்றம் மையத்தை மூடச் சொல்லிடுச்சு. நல்ல நோக்கம் இருந்தா மட்டும் போதாது, அவ்ளோதான்.

நீங்க ஹாஸ்டலா? இதே 10க்கு 12 ரூம்ல நாலு பேர் இருக்கீங்கதானே? நாலு கட்டில், நாலு பெட்டி, ஒரு கொடி, அதுல எட்டு ஜீன்ஸ். எப்படித் தாங்குறீங்க? காலையில காலேஜ், சாயங்காலம் கிரவுண்ட், ராத்திரி டீக்கடை. ரூமுக்கு நீங்க வர்றதே தூங்கத்தான். அதுவும் தாழ்ப்பாள் உங்க பக்கம். நாய்க்கு அது வெளிப்பக்கம். அந்தக் கையில அவங்க நாளே இருக்கு.

அதனால நாங்க ரூமைப் பெருசாக்கலை. டைம்டேபிள் போட்டோம். காலையில அஞ்சரைக்கு ரெண்டு ரெண்டாக் கண்மாய்க் கரையில ஓட்டம். ஏழரைக்குச் சாப்பாடு. பத்து மணியிலேருந்து வளவுல கூட்டம் ஜாஸ்தி. அப்போ நாலும் கூண்டுல. ஓடிட்டு வந்த நாய் தூங்கத்தானே செய்யும்? ஒரு மணிக்கு அப்பாவும் நானும் மாத்தி மாத்திப் பின்வாசல் வழியா வெளியே. அப்புறம் ரெண்டு உள்ளே, ரெண்டு கொல்லையில. சாயங்காலம் மறுபடி கண்மாய். எந்த நாயும் பகல்ல ஒரேயடியா மூணு மணி நேரத்துக்கு மேல உள்ளே இல்லை.

இதுக்கு மூணு வாரம் ஒத்திகை. முதல் வாரம் கதவைத் திறந்தே போட்டு, சோறு மட்டும் உள்ளே. அடுத்த வாரம் சாப்பிடுற நேரத்துக்குக் கதவைச் சாத்துறது. மூணாவது வாரம் அரை மணி, ஒரு மணி. சிட்டு ரெண்டாவது நாளே மெத்தையைச் சொந்தமாக்கிட்டா. செவலைதான் பத்து நாள் தலையை மட்டும் விட்டுச் சோத்தைத் தின்னுட்டு, உடம்பை வெளியவே வச்சிருந்தான். அவசரப்பட்டுத் தள்ளலை. பதினோராவது நாள் தானா போய் உட்கார்ந்தான்.

படைப்பு நல்லபடியா நடந்துச்சு. மூணாவது நாள் சாயங்காலம் பெரியப்பா ரூம் வாசல்ல வந்து நின்னார். வெள்ளையன் எழுந்து நின்னு வாலை ஆட்டினான். "இது ஐயா வளர்த்ததுல்ல?"ன்னு மட்டும் கேட்டார். நாய்ங்களைக் குடுக்கிற பேச்சு அதோட நின்னுச்சு.

போன மாசம் ராஜபாளையத்துலேருந்து அப்பாவோட சிநேகிதர் போன் பண்ணினார். குட்டி போட்டிருக்காம். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. "ஒண்ணு எடுத்துக்கங்க, காசு வேண்டாம்." அப்பா ஆசையா என் முகத்தைப் பார்த்தார். ரூம்ல இடம் இருக்கு. கணக்குப்படி இன்னும் எட்டு கூண்டுக்கு இடம் இருக்கு! ஆனா அஞ்சரை மணி ஓட்டத்துக்கு ஆள் இல்லை. எனக்கு அடுத்த வருஷம் ஃபைனல் இயர். வேலை கிடைச்சா எந்த ஊரோ தெரியாது. அப்பாவுக்கு முட்டி வலி. "வேண்டாம்ப்பா"ன்னு சொன்னேன்.

உங்களுக்கும் ஒருநாள் அப்படி ஒரு போன் வரும் ஃப்ரெண்ட்ஸ். குட்டி நிச்சயம் அழகாத்தான் இருக்கும். டேப்பை எடுக்கிறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுல தினமும் காலையில அஞ்சரைக்கு யார் எழுந்திருப்பாங்கன்னு கேளுங்க. கை தூக்க ஆள் இருந்தா, தாராளமா கூட்டிட்டு வாங்க!