என் பேரைக் கேட்ட மாணவி



போன வாரம் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ரத்தம் எடுக்க வந்த பயிற்சிப் பெண் என்னிடம் 8-ஆம் வகுப்பு படித்தவள். "முழுப் பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க சார்" என்றாள்.

"என் பேரு உனக்குத் தெரியாதாம்மா?" கோபம்தான் எனக்கு.

"உங்க வாயால சொல்லணும் சார். குழாய்ல பேர் மாறினா வேற ஒருத்தருக்கு வைத்தியம் நடந்துடும்."

கையில் பட்டை கட்டி நரம்பைத் தேடினாள். 1 நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாதாம். என் நரம்போ ஒளிந்துகொள்ளும் ரகம். முதல் குத்தில் வரவில்லை. பிள்ளைக்கு முகமே வெளுத்துவிட்டது. "இன்னொரு தடவைதான் சார். அதுக்கும் வரலைன்னா சீனியரைக் கூப்பிடுவேன்." வந்தது. சாம்பல் மூடிக் குழாயைக் குலுக்காமல் மெதுவாக 8, 10 முறை கவிழ்த்து நிமிர்த்தினாள். குலுக்கினால் சிவப்பணு உடையுமாம்.

ஒரு பரீட்சையில் இவளுக்கு வேறு பிள்ளையின் மதிப்பெண்ணைப் பதிந்துவிட்டு, கேட்க வந்தவளையும் அதட்டி அனுப்பியவன் நான். அவளுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை.

"கையை மடக்காம பஞ்சை அழுத்திப் பிடிங்க சார்" என்றவள், என் கண்ணெதிரிலேயே லேபிளை ஒட்டி நீட்டினாள். "சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன்.