வடவமும் என் தன்பதிவேடும்

நான் படித்த பிரெஞ்சில் விளம்பரத்துக்கு 'ரெக்லாம்' என்று ஒரு பழைய சொல் உண்டு. பழங்காலத்துப் பிரெஞ்சுப் புத்தகங்களில் ஒரு பக்கத்தின் அடியில், அடுத்த பக்கத்தின் முதல் சொல்லை மட்டும் தனியாக அச்சிட்டிருப்பார்கள். அதற்கும் இதே பெயர்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, தமிழ்நாடு அரசில் 34 வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவனுக்கு அந்தச் சொல் மறுபடி ஞாபகம் வந்தது 2020-ல்தான். மருமகள், "மாமா, நம்ம வடவத்துக்கு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் திறக்கலாமா?" என்று கேட்ட அன்று.

அந்த வருஷம் மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. மகனுக்கு இரண்டு மாதம் பாதிச் சம்பளம், மூன்றாம் மாதம் வேலையே இல்லை. சேலையூர் வீட்டுக் கடன் தவணைக்கு என் பென்ஷனில் பாதி போனது. மருமகள் கையில் நாலு வளையல் குறைந்திருந்தது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வடவம் என் மனைவியின் கைவேலை. அவள் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, கொஞ்சம் விளக்கெண்ணெய். இடித்து, பிசைந்து, உருண்டை பிடித்துக் காயவைத்து, சாயங்காலம் உதிர்த்துப் பிசைந்து மறுநாள் மறுபடி உருட்ட வேண்டும். பத்து நாளாவது நல்ல சித்திரை வெயில் வேண்டும். (எங்கள் ஊர் வடவத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'வதுவான்' ஆக்கிக்கொண்டார்கள்.) மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே மருமகள் கற்றுக்கொண்டவள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். 14 இலக்க எண் வந்தது, லேபிளில் போட்டோம். மகன் படம் எடுத்துப் பக்கத்தில் ஏற்றினான். முதல் வாரம் 'லைக்' போட்டதெல்லாம் சொந்தக்காரர்கள்தான். வாங்கியவர் யாரும் இல்லை. கடைப் பக்கங்களைவிட நண்பர்கள், உறவினர்கள் பதிவுகளையே முன்னால் காட்டப்போவதாக ஃபேஸ்புக் 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது, காசு கட்டாவிட்டால் நம் பதிவு பலர் கண்ணில் படாது என்று மகன் விளக்கினான். பணம் கட்ட வழி இல்லை. பெருங்களத்தூர், முடிச்சூர், சிட்லப்பாக்கம் ஆட்கள் சேர்ந்திருக்கும் குடியிருப்போர் குழுக்களில் மருமகள் எழுதினாள். அங்கிருந்துதான் பக்கத்துக்கு ஆள் வந்தது.

பதில் எழுதும் வேலை எனக்கு. கை பழகியபடி, "தங்கள் 12.6.2020 நாளிட்ட செய்தி கிடைக்கப்பெற்றது. உரிய நடவடிக்கையில் உள்ளது" என்று ஒருவருக்கு அனுப்பினேன். "சார், நான் கேட்டது வடவம், பட்டா இல்லை" என்று பதில் வந்தது. மருமகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த மாதங்களில் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

ஐப்பசிக்குள் சித்திரையில் போட்ட சரக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் பக்கத்தில் கேட்கிறவர்கள் நிற்கவில்லை. பக்கத்துக்குப் பருவம் தெரியாது. மழைக்காலத்தில் வடவம் போடக்கூடாது என்பது எனக்குத் தெரியும், மருமகளுக்கும் தெரியும். தவணைத் தேதியும் இருவருக்கும் தெரியும். மின்விசிறிக் காற்றில் காயவைத்து அனுப்பினோம். நான் வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 25 இரவு நிவர் புயல் கரையைக் கடந்தது. அதற்கு அடுத்த வாரம் குரோம்பேட்டை அம்மாள் ஒருவர் எங்கள் பக்கத்தில் ஒரு படம் போட்டார். உருண்டைகள் மேல் வெள்ளைப் பூசணம். "சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு. இதைத்தான் விற்பீர்களா?" என்று எழுதியிருந்தார். மருமகள் அடுப்படியில் இருந்தாள். நான் யாரையும் கேட்காமல் அதை அழித்துவிட்டேன். ஒரு விரல் வேலை.

சாயங்காலம் அந்த அம்மாள் குழுவிலேயே எழுதிவிட்டார்: "புகார் சொன்னேன். அழித்துவிட்டார்கள்." அதன் கீழே ஆளாளுக்கு எழுதத் தொடங்கினார்கள். வாங்கியே பார்க்காதவர்கள்கூட எழுதினார்கள்.

மருமகள் சத்தம் போடவில்லை. "மாமா, ஆபீசுக்கு வந்த மனுவையும் இப்படித்தான் கிழிச்சுப் போடுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கிழித்ததில்லை. ஆனால் ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியத் தாளை, இணைப்புகள் சரியில்லை என்று ஒரு குறிப்பு எழுதச் சோம்பல்பட்டு, கட்டின் அடியில் பதினோரு நாள் வைத்திருந்திருக்கிறேன். அந்த அம்மாள் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். அன்று ராத்திரி எனக்கு வடவம் நினைவில் இல்லை, அந்தப் பெஞ்சுதான் இருந்தது.

மறுநாள் பஸ் ஏறி குரோம்பேட்டை போனேன். கதவைத் திறந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். முகக்கவசத்தோடு வாசலிலேயே நின்று, பணத்தை நீட்டி, அழித்தது நான்தான், மருமகள் இல்லை என்றேன்.

"சாப்பாட்டுச் சாமான்ல தப்பு வர்றது சகஜம் சார். என் பேச்சையே இல்லாமப் பண்ணிட்டீங்களே, அதுதான் ஆறலை" என்றார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். மருமகள் அதை மூன்று வரியாக்கினாள்: பூசணம் பிடித்தது உண்மை. புகாரை அழித்தது எங்கள் தவறு. அந்தச் சரக்கு வாங்கிய எல்லாருக்கும் பணம் திரும்ப வரும், சித்திரை வரை வடவம் கிடையாது. 23 பேருக்குத் திருப்பிக் கொடுத்தோம். அந்த மாதத் தவணை தாமதமானது, வங்கி அபராதமும் போட்டது. பருப்புப் பொடி, வத்தக்குழம்புப் பொடி என்று ஓட்டினோம். சித்திரையில் பழைய ஆட்களில் பாதிப் பேர்தான் திரும்பினார்கள்.

அதன்பிறகு நான் ஒரு நீள நோட்டு போட்டேன். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்குத் தன்பதிவேடு என்றால் தெரியும். வந்த தேதி, யார், என்ன கேட்டார், தெரு, போன் நம்பர், என்ன பதில், எப்போது முடிந்தது. மகன் அதைப் பார்த்து, எல்லாம் போனிலேயே இருக்கிறதே அப்பா என்பான்.

2021 அக்டோபர் 4, நவராத்திரிக்கு மூன்று நாள் முன்பு, ராத்திரி ஒன்பது மணி வாக்கில் ஃபேஸ்புக், வாட்ஸாப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க நின்றுபோயின. ஆறு மணி நேரம். காலையில் அனுப்ப வேண்டிய 31 ஆர்டரும் ஃபேஸ்புக் பக்கத்துக்குள் மாட்டிக்கொண்டன. மகன் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். மருமகள் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தாள், நான் கவரில் விலாசம் எழுதினேன். பன்னிரண்டரைக்கு முடித்தோம். மகன் ஒன்றும் சொல்லாமல் டேப் ஒட்டினான்.

வளையல் மூன்று திரும்பிவிட்டது. மகனுக்கும் வேறு வேலை கிடைத்தது.

போன மாசி மாதம் பக்கத்துக்குப் பிரெஞ்சில் ஒரு செய்தி வந்தது. பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக் குடும்பத்துப் பெண். அங்கே கடையில் விற்கும் வதுவானில் அவர் அம்மாவின் வாசனை இல்லையாம். மருமகள் போனை என்னிடம் நீட்டினாள். பல வருஷத்துக்குப் பிறகு பிரெஞ்சில் எழுதினேன், இரண்டு இடத்தில் இலக்கணம் தடுமாறியது. தபால் செலவு சரக்கைவிட அதிகமாகும் என்றும், இன்னும் வெயில் வரவில்லை, சித்திரை முடிந்ததும் எழுதுகிறேன் என்றும் சொன்னேன். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே கடைசிக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.