எண்ணும் எடையும்

இராயபுரத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் கல்லூரிக்கு வரும் நம் மாணவர்க்குத் துறைமுகக் கணக்குப் புதிதன்று. அங்கே பெட்டகங்களை எண்ணுவர். சரக்கை டன் கணக்கில் நிறுப்பர். எண் வேறு, எடை வேறு என்பதை அப்பகுதிச் சிறுவனும் அறிவான். ஆய்விதழ்களை அளக்கும்போது அறிஞருலகம் இதனை மறந்துவிடுமோ என்பதே நம் கவலை.

அளத்தல் தவறன்று. மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன், 1948இலேயே 'லைப்ரமெட்ரி' என்னும் நூலக அளவையியலை முன்மொழிந்தார். ஓரிதழில் ஆண்டுக்கு எத்தனை கட்டுரைகள், எழுதியோர் எவர், தனித்தா கூடியா, பிறர் எத்துணை மேற்கோள் காட்டினர் என எண்ணினால் இதழின் வளர்ச்சியும் தளர்ச்சியும் புலனாகும். ஒரு துறையில் எழுதுவோருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் ஒரே கட்டுரையோடு நின்றுவிடுவர் என்று 1926இல் லோட்கா கணக்கிட்டார்.

வகுப்பில் இதனைக் கேட்ட மாணவர் ஒருவர், "ஒன்றோடு நின்றவர்க்கு என்ன மதிப்பு, ஐயா?" என வினவினார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

தனிநாயகம் அடிகளார் தோற்றுவித்த 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழை நோக்குவோம். 1952 முதல் 1966 வரை வெளிவந்தவை 12 தொகுதிகளே. இடையே நேர்ந்த தடைகளை அவ்வெண் காட்டும். ஆனால் அவ்விதழ் அயல்நாட்டு அறிஞரைத் தமிழின்பால் ஈர்த்ததையும், அடிகளாரின் முயற்சியால் 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியதையும், 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாடு கூடியதையும் அது காட்டாது.

நம் மார்க்க அறிஞர் இவ்விரண்டையும் பிரித்தறிந்தனர். ஹதீஸ் கலை வல்லார் அறிவிப்பாளரை எண்ணினர். ஒவ்வொரு தலைமுறையிலும் பெருந்தொகையினர் வழி வந்ததை 'முதவாதிர்' என்றும், ஒருவர் வழியே வந்ததை 'கரீப்' என்றும் வகுத்தனர். எண்ணோடு நில்லாது, அறிவிப்பாளரின் வாய்மையையும் நினைவாற்றலையும் நிறுத்தும் பார்த்தனர். நிய்யத் பற்றிய நபிமொழி, உமர் (ரலி) அவர்களிடமிருந்து தொடக்கத் தலைமுறைகளில் ஒருவர்பின் ஒருவராகவே வந்தது. அதனையே இமாம் புகாரி (ரஹ்) தம் தொகுப்பின் முதல் ஹதீஸாக அமைத்தார்.

பணி உயர்வுக்குக் கட்டுரைகள் எண்ணப்படும் காலம் இது. ஒன்றை மூன்றாகக் கூறுபோடுவதும், காசு கொடுத்து அச்சேற்றுவதும் கல்வியுலகில் நுழைந்துவிட்டன. இம்மலரில் ஒரே கட்டுரை எழுதிவிட்டு எண்ணூர் ஆலைக்கோ துறைமுகத்திற்கோ பணிக்குச் செல்லும் நம் மாணவரும் அந்த 60 விழுக்காட்டில் ஒருவரே. அவர் எழுதியது உண்மையாயின், அவ்வொன்றே போதும். இதழ்களை எண்ணுவோம், எண்ணியபின் நிறுக்கவும் மறவோம்.