ராணி, அம்மச்சி, ஏட்டி

குற்றாலத்துக்குக் குளிக்க வரும் தோழர்கள் அங்கே திருவிதாங்கூர் அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்துச் செங்கோட்டை 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதுவரை அது அந்தப் பக்கம்.

இங்கிலாந்தில் ராஜாவைக் கட்டிக்கொண்டவர் ராணி. திருவிதாங்கூரிலோ மருமக்கள்தாயம். ராஜாவின் மனைவி வெறும் 'அம்மச்சி'தான். ராணிப் பட்டம் அவருடைய சகோதரிக்கும் சகோதரியின் மகளுக்கும். பெண்வழியில் போகிற பட்டம் என்றதும் பெருமைப்பட எங்களுக்கும் ஆசைதான். ஆனால் 1812-இல் ராணி கௌரி லட்சுமி பாய் அடிமை விற்பனையைத் தடுத்தபோது, நிலத்தோடு பிணைக்கப்பட்ட புலையர், பறையர் போன்ற உழவு அடிமைகளுக்கு அந்தத் தடை இல்லை. முழுதாக ஒழிய 1855 ஆனது. ராணியின் கருணை வரப்போடு நின்றுவிட்டது.

எங்கள் ஊர்ப்பக்கமும் பட்டங்கள் உண்டு. நாற்று நட்ட எங்கள் பாட்டிமாரை நேற்றுப் பிறந்த பண்ணைவீட்டுப் பையன் 'ஏட்டி' என்பான். அவன் தங்கச்சி, பாவாடை கட்டத் தெரியாத பிள்ளை, பாட்டிக்கு 'நாச்சியார்'.

ராஜா ராணிப் பட்டங்களுக்கு இருந்த அங்கீகாரத்தை 1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. 'ஏட்டி'க்கு அப்படித் திருத்தம் எதுவும் வரவில்லை. எங்கள் அம்மாக்கள்தான் அரைநாள் கூலியை விட்டு, நடவை நிறுத்தி வரப்பில் உட்கார்ந்தார்கள். இப்போது 'ஏம்மா' என்கிறார்கள். நூறுநாள் வேலையில் மட்டும் சிலருக்கு இன்னும் வாய் வரவில்லை. பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.