ஒரு டிரைவும் ஒரு பழைய கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக 1996-ல் என்னிடம் எலக்ட்ரிகல் படித்தவர்கள் கடைசி வரை படிக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கை மகன் பொள்ளாச்சிப் பக்கமிருந்து போன் செய்தான். அங்கே சின்னதாகத் தென்னை நார் மில் வைத்திருக்கிறான். "மாமா, சலிப்பு டிரம் ஓட்டுற டிரைவ் போயிருச்சுங்க. பார்க்க வந்தவர் போர்டு போச்சு, புதுசு வாங்கிக்கங்கன்னுட்டார். முப்பதாயிரத்துக்கு மேல ஆகுமுங்க" என்றான்.

"எது போச்சுன்னு சொன்னாரா கண்ணு?"

"போர்டுன்னுதாங்க சொன்னார்."

எனக்குப் பிடிக்காத வார்த்தை இது. காய்ச்சலோடு போனவனிடம் 'உடம்பு போச்சு' என்று டாக்டர் சொல்வாரா? அடுத்த பஸ்சில் கிளம்பிவிட்டேன். வீட்டில் திட்டு விழுந்தது தனிக்கதை.

உறவினர்களுக்காக ஒரு விளக்கம். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிதான் டிரைவ். உள்ளே மூன்று பகுதி. வருகிற ஏ.சி. கரண்டை டயோடுகள் டி.சி.யாக மாற்றும். கெப்பாசிட்டர்கள் அதைத் தேக்கி வைக்கும். ஐ.ஜி.பி.டி. என்ற ஆறு ஸ்விட்சுகள் அதை வெட்டி வெட்டி, நாம் கேட்கும் ஃப்ரீக்வென்சியில் மறுபடி ஏ.சி.யாக்கி மோட்டாருக்குக் கொடுக்கும். பழுது எந்தப் பகுதியில் என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை.

முதலில் டிரைவையே பேச விட்டேன். சப்ளை கொடுத்தால் டிஸ்ப்ளே நன்றாக வருகிறது. உள்ளே இருக்கும் டி.சி. வோல்டேஜை அதிலேயே பார்க்கலாம், 580 காட்டியது. லைன் 410 வோல்ட். அதை 1.414 ஆல் பெருக்கினால் 580. கணக்கு சரி. மோட்டாரை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். 580 சரசரவென்று இறங்கியது, 400-ஐ நெருங்கும்போதே அண்டர் வோல்டேஜ் என்று ட்ரிப். ஆனால் வெளியே மூன்று பேஸிலும் 410 அசையவில்லை. தண்ணீர் டேங்க் நிறைந்திருக்கிறது, குழாயைத் திறந்ததும் காலியாகிறது என்றால், டேங்குக்கு வரும் வழியில் எங்கோ அடைப்பு. அல்லது டேங்க்கே ஓட்டை.

சப்ளையை ஆஃப் செய்து பூட்டிவிட்டு உட்கார்ந்தோம். பத்து நிமிடம் காத்திருக்கச் சொல்லி டிரைவிலேயே எழுதியிருக்கிறது. சிவப்பு விளக்கு அணைந்ததும் கையை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கை நம்பாதீர்கள், மீட்டரை வைத்துப் பாருங்கள் என்று வகுப்பில் நான் கத்தியது சிலருக்கு ஞாபகம் இருக்கும். பத்து நிமிடம் கழித்தும் 38 வோல்ட் இருந்தது. இன்னும் ஒரு டீ குடித்தோம்.

அந்த நேரத்தில் மில் எலக்ட்ரீஷியன் தம்பி, ஐ.டி.ஐ. முடித்த சின்னப் பையன், "மோட்டாரை ஒரு தடவை மெகர் போட்டுப் பாத்துரலாமுங்க ஐயா" என்று எடுத்து வந்தான். மோட்டார் கேபிள் டிரைவின் யு, வி, டபிள்யு டெர்மினலில் மாட்டியபடியே இருந்தது. "கழட்டாம வைக்காதே!" என்று நான் கத்திய கத்தலில் நார் உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பையன் பயந்துவிட்டான். ஏன் கத்தினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேபிளைக் கழற்றி மெகர் போட்டோம். மோட்டார் நன்றாக இருந்தது. பிறகு மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்தேன். சிவப்பு முனை டி.சி. மைனஸில், கறுப்பு முனை ஆர், எஸ், டி மூன்றிலும் மாறி மாறி: 0.42, 0.42, 0.43. அடுத்து கறுப்பு முனை பிளஸில், சிவப்பு ஆர், எஸ், டி-யில். அதுவும் அப்படியே. வெளியே போகும் யு, வி, டபிள்யு-விலும் இதே சோதனை. மூன்றும் ஒன்றுபோல் வருவதுதான் முக்கியம். ஒன்றில் மட்டும் பூஜ்யம் வந்தால் அந்த ஐ.ஜி.பி.டி. ஷார்ட். முனைகளை மாற்றி வைக்கும்போது எண் மெல்ல ஏறி ஓ.எல். ஆனால் பதற வேண்டாம், கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது. இந்தச் சோதனை ஷார்ட்டைக் காட்டும். கேட் பக்கப் பழுதைக் காட்டாது. இதையும் மறக்காதீர்கள்.

ஆக டயோடு சரி. கெப்பாசிட்டர்கள் வீங்கவில்லை, ஒழுகவில்லை. மிச்சம் ஒன்று. சப்ளை வந்த நொடியில் காலி கெப்பாசிட்டர் ஷார்ட் மாதிரிதான் கரண்டை இழுக்கும். அதைத் தடுக்க வழியில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். கெப்பாசிட்டர் நிரம்பியதும் ஒரு ரிலே 'டக்' என்று ஒட்டி, ரெசிஸ்டரை ஒதுக்கி நேர்வழி திறந்துவிடும்.

மூடியைப் போட்டு மறுபடி சப்ளை கொடுத்தோம். எனக்கு இப்போது காது மந்தம். தம்பியைக் கேட்கச் சொன்னேன்.

"சத்தம் எதுவும் வரலைங்க ஐயா."

மறுபடி ஆஃப், மறுபடி காத்திருப்பு. போர்டு முழுக்க நார்த்தூள் ஈரத்தோடு படிந்திருந்தது. என் கை நடுங்கும் என்பதால் அவன்தான் ரிலேயை இளக்கி எடுத்தான். காயிலை அளந்தால் ஓ.எல். உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பாவம், அந்த ரெசிஸ்டர் மோட்டாரின் முழு லோடையும் தாங்கப் பார்த்துக் கறுத்துப் போயிருந்தது. இரண்டையும் மாற்றினோம். கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்ததற்குப் பஸ் கூலியோடு ஐந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை டிரம் ஓடியது. லோடிலும் 570-க்குக் கீழே இறங்கவில்லை. பெட்டியைத் தூசி புகாத பேனலுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். செய்வானா, பார்ப்போம்.

இனி கத்தியதற்கான காரணம்.

1996-ல் எங்கள் பாலிடெக்னிக் லேபுக்கு முதல் டிரைவ் வந்தது. அப்போது அதைத் தொட்டுப் பார்க்கவே வரிசை நிற்கும். ஒரு நாள் மோட்டார் இன்சுலேஷனைக் காட்ட மெகரை எடுத்தேன். ஒரு மாணவன், "சார், டிரைவைக் கழட்டிட்டு வைக்கலாங்களா?" என்று கேட்டான். "தேவையில்லை" என்று சொல்லி நான்தான் சுற்றினேன். மெகர் தருவது 500 வோல்ட்டாக இருந்தாலும் 1000 ஆக இருந்தாலும், அது டிரைவின் வயிற்றில் தர வேண்டியதில்லை. பிறகு யு-வில் மீட்டர் வைத்தால் பூஜ்யம். டிரைவ் எழுந்திருக்கவே இல்லை.

பிரின்சிபால் கேட்டபோது ஸ்டாக் ரெஜிஸ்டரில் 'மாணவர் தவறான இணைப்பு' என்று எழுதினேன். அன்றைக்கு அந்த மேசையில் இணைப்புக் கொடுத்தவன் அவன்தான். கோர்ஸ் முடிந்து போகும்போது அவனுக்கு மட்டும் காஷன் டெபாசிட் திரும்பக் கிடைக்கவில்லை. அப்பா விசைத்தறியில் கூலி. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். ஒவ்வொரு ஆசிரியர் தினத்துக்கும் முதல் வாழ்த்து அவனுடையதுதான்.

தம்பி, அன்றைக்கு நீ கேட்டது சரி. இணைப்பும் சரியாகத்தான் கொடுத்திருந்தாய். டிரைவைக் கெடுத்தது நான். உன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுகிறேன், எடு. என் காது மந்தம், கொஞ்சம் சத்தமாகப் பேசு.